உடம்பு ஒத்துக்கொண்ட ஊர்

மேலவெளி, கீழ்வேளூர் வட்டம்
17.11.2024, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செம்மொழிக்கு அம்மா வேம்பு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், பசுவும் கன்றும் நலம், நட்ட பயிரும் பச்சை பிடித்துவிட்டது. நீ நலமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நீ நலம் என்று சொன்னால் இனிமேல் நான் நம்புவதாக இல்லை, ஏன் என்று கடைசி வரை படி, தெரியும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், தீபாவளி அன்று அதுதானே நடந்தது. அதனால்தான் எட்டாம் வகுப்புக்குப் பிறகு இவ்வளவு நீளமாக எதையுமே எழுதாத நான் உட்கார்ந்து எழுதுகிறேன். போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், ஆகட்டும்.

தீபாவளி அன்று காலையில் தலையில் எண்ணெயோடு நிற்கிறேன், நீ வீடியோவில் கூப்பிடுகிறாய். முகத்தில் வேர்வை. கனடாவில் ஐப்பசி மாதத்தில் வேர்வை ஏது என்று நான் யோசிப்பதற்குள் நீ சொன்னாய், "அம்மா, நான் வேலைய விட்டுட்டேன், ஆஸ்திரேலியா வந்துட்டேன், டார்வின்னு ஒரு ஊரு, வந்து பதினெட்டு நாளாச்சு" என்று. பதினெட்டு நாள்! அதற்கு நடுவில் மூன்று தடவை என்னோடு பேசியிருக்கிறாய், மூச்சு விடவில்லை. ஐந்து வருஷம் படாத பாடு பட்டுப் பரீட்சை எழுதி நர்ஸ் வேலையில் நின்றாய், இன்னும் எட்டு மாதத்தில் அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிடும் என்று நீயே சொன்னாய், எதற்கடி விட்டாய் என்று கேட்டால், "இங்க இறங்கினதும் காத்து நம்ம ஊரு காத்து மாதிரியே மூஞ்சில அடிச்சுதும்மா, மழைக்காலம்னு ஒண்ணு இருக்கு, மாமரம் இருக்கு, பக்கத்து வீட்டுல முருங்கை காய்ச்சுத் தொங்குது" என்கிறாய். முருங்கைக்காயா ஒரு காரணம்? அதற்கு இங்கேயே இருந்திருக்கலாமே என்று கத்தினேன். அது புயல் அடிக்கிற ஊராமே, முதலை கரையேறி வருமாமே, கஜா புயலில் நம் வீட்டு ஓடு பறந்ததையும் வாசல் தென்னை அப்பாவின் கட்டிலுக்கு மேலே சாய்ந்ததையும் கண்ணால் பார்த்தவள்தானே நீ (அதற்கு நேற்றோடு ஆறு வருஷம் ஆகிறது), அப்படிப்பட்ட ஊரையா தேடிப் பிடித்தாய் என்றேன். "புயல் எப்ப வரும், எப்படி வரும்னு எனக்குத் தெரியும்மா, அந்தக் குளிருதாம்மா எனக்குத் தெரியல" என்றாய். அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். குளிருதுன்னு வேலைய விட்டவ என் மவளே இல்ல என்று. போன் நின்றுபோனது. அன்றைக்கு நான் எண்ணெய்த் தலையோடு மத்தியானம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அப்பா வந்து வெந்நீர் ஊற்றினார்.

இனி ஊர்ச் சங்கதி. மேட்டூரை இந்த வருஷம் ஆடி பிறந்த பிறகுதான் திறந்தார்கள், நம் பக்கம் குறுவையே இல்லை, சம்பா ஒன்றுதான். பெண்டுகளுக்கு நடவு நாளே குறைந்துபோனது. அந்தக் கொஞ்ச நாளையும் வங்காளத்து ஆள்கள் வந்து நட்டுவிட்டார்கள். ஐந்து வருஷமாக வருகிறார்களே, அன்சார் என்று ஒருவர் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார், நீ போனபின் வந்தவர், உனக்குத் தெரியாது. ஆம்பளைகள் நாற்று நடுவதை முதல் வருஷம் பார்த்தபோது நாங்கள் வரப்பில் நின்று சிரித்தோம். மறு வருஷம் சிரிப்பு போய்விட்டது. நாங்கள் முப்பது பேர் ஒரு நாள் முழுக்க நடுவதை அவர்கள் பாதிப் பேர் நட்டுவிட்டுச் சாயங்காலம் வாய்க்காலில் குளிக்கப் போகிறார்கள். எப்போதும் நடவு முடிந்ததும் ரயிலேறிப் போய்விடுவார்கள். இந்த வருஷம் அன்சார் போகவில்லை. பெண்டாட்டி ரெஹானாவையும் ஏழு வயதுப் பெண் துலியையும் கூட்டி வந்து, வாய்க்கால் கரையில் நல்லக்கண்ணு அண்ணனின் பழைய வீட்டில் வாடகைக்குக் குடியேறிவிட்டார். ஊரே குசுகுசு என்று பேசிக்கொண்டது. இன்றைக்கு ஒரு குடும்பம், நாளைக்கு இருபது, அப்புறம் நாம் எங்கே போவது என்று வள்ளியம்மை வந்து என் வாசலில் நின்றாள். வள்ளியம்மையை உனக்குத் தெரியும், முப்பது வருஷமாக என் பக்கத்தில் நின்று நட்டவள். நான் வார்டு மெம்பர், நான்தானே கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு போய் முப்பத்தேழு பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். வெளியூர் ஆள்களை இங்கே குடிவைக்கக்கூடாது என்று மனு. வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக் கூட்டத்தில் கொடுப்பதாக ஏற்பாடு. உன்மேல் இருந்த கோபமும் அதில் சேர்ந்துகொண்டது, மறைக்கவில்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை அன்சாரிடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். முன்பக்கம் ஆள் இல்லை. கொல்லைப் பக்கம் போனால் ரெஹானா வயல் நண்டை உடைத்துக்கொண்டு இருக்கிறாள், பக்கத்தில் பழைய சோறு, வெங்காயம், பச்சை மிளகாய். எனக்கு ஒரு நிமிஷம் என் வீட்டுக் கொல்லைக்கே வந்துவிட்டேனோ என்று ஆகிவிட்டது. பாஷை தெரியாது அவளுக்கு. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தலைக் காட்டினாள், புடலையும் பூசணியும் கொடியேறி நின்றன. நாலு விரலைக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. அதற்குள் அன்சார் வந்துவிட்டார், அவர்தான் சொன்னார், "மெம்பர் அக்கா, அது எங்க ஊரு வெதை. ரெஹானாதான் முந்தானையில முடிஞ்சு கொண்டாந்துச்சு. நாலாம் நாள் மொளச்சிருச்சு. எங்க ஊர்லயும் நாலாம் நாள்தான். டில்லி பக்கம் செங்கல் சூளைக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்க போட்டுச்சு, ஒண்ணும் வரல, அழுதுச்சு." நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, உங்க ஊருக்கே போய்ப் போடுங்க என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஊரு இல்லக்கா" என்றார். கங்கைக் கரையில் அவர்கள் வீடு, மூன்று பிகா நிலம், நம் கணக்கில் ஒரு ஏக்கர், மாட்டுக் கொட்டகை. ஒரே மழைக்காலத்தில் ஆறு கரையை அரித்து அரித்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டதாம். பள்ளிவாசல் கூட ஆற்றுக்குள்ளே போய்விட்டதாம். எங்கே வீடு இருந்தது என்று கேட்டால் தண்ணீரைத்தான் காட்ட வேண்டுமாம்.

சரி, அதற்கு இத்தனை பெரிய நாட்டில் எங்கள் ஊர்தான் கிடைத்ததா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அன்சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவரும் தம்பியும் முதலில் லடாக் பக்கம் மலையில் ரோடு போடும் வேலைக்குப் போனார்களாம். நல்ல வேலை, சாப்பாடும் கொடுத்தார்கள். அன்சார் மூன்றாம் மாதமே கால் மரத்துப்போய் இறங்கி வந்துவிட்டார். தம்பி நின்றுகொண்டான். "தெனம் போன் பண்ணுவேன்க்கா. எப்டி இருக்கேன்னா, 'பாலோ ஆச்சி'ன்னுதான் சொல்வான். நல்லா இருக்கேன்னு அர்த்தம். கடைசி நாளும் அதான் சொன்னான். நெஞ்சுல சளி, மூச்சு இல்ல. குளிரு அவன உள்ளயே தின்னுருக்கு, எனக்குத் தெரியல. ஒன்பது நாள் கழிச்சு பொட்டில வந்தான்." அப்புறம் சொன்னார், "அதுக்கப்புறம் நான் முடிவு பண்ணினேன்க்கா. வேலை எங்க இருக்குன்னு பாக்க மாட்டேன். சேறு எங்க இருக்குன்னு பாப்பேன். மொத வருஷம் உங்க வயல்ல எறங்கினேன், காலு எவ்ளோ அழுந்தணுமோ அவ்ளோதான் அழுந்துச்சு. எங்க ஊரு மாதிரியே. மழை வர்ற வாசனை தெரியுது, எப்ப நாத்து விடணும்னு யாரையும் கேக்க வேணாம். எம் பொண்ணு இங்க வந்து ஒரு நாள் கூடக் காய்ச்சல்னு படுக்கல."

எனக்கு மனு கையில் இருப்பதே மறந்துவிட்டது. அவர் பேசியது காதில் விழுந்தாலும் நான் கேட்டது உன் குரலைத்தான். அந்தக் குளிருதாம்மா எனக்குத் தெரியல என்று நீ சொன்னாயே, அது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டிருப்பேன், எப்படிடி இருக்கே என்று. ஒரே பதில்தான், நல்லா இருக்கேன்மா. வேறு எதையாவது ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலையில் அப்பாவை விட்டு, உன்னோடு ஒரே வீட்டில் இருந்தாளே மன்னார்குடிப் பெண் ஷோபனா, அவள் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். நான் ஒன்றும் தெரியாதவளாகக் கேட்கவில்லை. எல்லாம் தெரியும், நீயும் சொல்லிவிடு என்று பொய் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெண்ணைத் திட்டாதே, அவள் அழுதுவிட்டாள்.

செம்மொழி, நான் மூன்று பிள்ளை பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். அப்போதுகூட இப்படி எனக்குக் காது அடைத்துப் போனதில்லை. மூன்று குளிர்காலமாக நீ விடுமுறை நாளில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லையாமே. திரையை விலக்கினால் திட்டுவாயாமே. சமைத்து வைத்தது அப்படியே இருக்குமாமே. மத்தியானம் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற அந்த ஊரில் போன தை மாதம் டூட்டி முடித்து வந்தவள், பஸ் நிற்கும் இடத்தில் மேல் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தாயாமே. மூன்று பஸ் வந்து போனதாம், நீ ஏறவில்லையாம். யாரோ ஒரு கிழவி, எந்த ஊர்ப் பெண்ணோ, பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த மகராசி யார் என்று கூட எனக்குத் தெரியாது, தெரிந்தால் அவள் காலில் விழுவேன். வலது கையில் இரண்டு விரல் நுனி கறுத்துப்போய், பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். பொங்கலுக்கு மறுவாரம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் பேசினேன், நீ அனுப்பிய சேலையின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். டூட்டியில இருக்கேன்மா, அப்புறம் பேசறேன் என்றாய். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நீ நர்ஸ் இல்லை, நோயாளி. நான் சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, அடுத்த குளிர்காலத்துக்குள் முடிந்தால் வெயில் உள்ள ஊருக்குப் போ என்றாராம். ஷோபனா இன்னொன்றும் சொன்னாள். "அவ லேப்டாப்புல ஒரு லிஸ்ட் வச்சிருந்தா ஆன்ட்டி. மேல நாகப்பட்டினம்னு எழுதி, எத்தனை மாசம் மழை, எத்தனை டிகிரி, எப்ப விடியும் எப்ப இருட்டும்னு போட்டிருந்தா. அதுக்குக் கீழ ஒவ்வொரு ஊரா எழுதி எழுதி அடிச்சிருந்தா. டார்வின மட்டும் அடிக்கல" என்று. நான் உன்னை முருங்கைக்காய்க்காகப் போனவள் என்று ஏசினேன். நீ உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஊர் தேடியிருக்கிறாய். போனை வைத்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வயலுக்குப் போனார், மடை திறந்து கிடந்ததைக்கூட அடைக்காமல் திரும்பி வந்தார். நாற்பது வருஷத்தில் அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம். மனுவைக் கொடுங்க வேம்பு என்று தலைவர் கையை நீட்டினார். வெளியே பெண்டுகள் எல்லாம் நிற்கிறார்கள். மனு கொடுக்கலைங்க என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். யார் எங்கே குடியிருக்கலாம் என்று அடுத்தவர் முடிவு செய்த காலத்தில் என் அப்பா பிறந்தார், பண்ணையில் சொன்னால்தான் குடிசை, வேண்டாம் என்றால் மறுநாளே பெயர்த்துக்கொண்டு போக வேண்டும், அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து இருக்கக் கூடாது என்று சொன்னேன். அதோடு, வங்காளத்து ஆள்களுக்கு வேலை விடுகிறவர்கள் பாதி வயலை நம் பெண்டுகளுக்கு விட வேண்டும் என்று தீர்மானம் போடச் சொன்னேன். பேசிப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள், எவ்வளவு தூரம் நடக்குமோ தெரியாது. அன்சார் தானாகவே வந்து, நாங்க கயிறு பிடிச்சு நடுறதை அக்காங்களுக்குக் கத்துத் தர்றோம், சேர்ந்து நடலாம் என்றார். நாலைந்து பேர் சரி என்றார்கள். வள்ளியம்மை ஒப்பவில்லை. எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "உனக்கென்ன வேம்பு, உம் மவ வெளிநாட்டுல இருக்கா, உனக்கு ஞாயம் பேச வரும். எனக்கு அனுப்பறதுக்கு அங்க யாரு இருக்கா? எனக்கு இந்த நடவுதான் இருக்கு" என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். இரண்டு நாளாக என் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். துலியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் கூடப் போனதற்கு இன்னும் நாலு பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் வலிக்கிறது.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அப்பாதான் வேண்டாம் என்றார். "அவ பொழைக்கப் போனவ. நம்ம ஊருலதான் இருக்கணும்னு இல்ல, நம்ம ஊரு மாதிரி இருந்தாப் போதும்" என்றார். அவருடைய பெரிய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவர் திரும்பவே இல்லையாம், அங்கே தினம் மழை பெய்கிறது, தென்னை இருக்கிறது என்று மட்டும் ஒரு கடிதம் வந்ததாம், அதைக் கேட்டு வீட்டில் அழுகையை நிறுத்தினார்களாம். இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடமே சொன்னதில்லை. இப்போது காலையில் எழுந்ததும் போனில் இரண்டு ஊர் வெயிலையும் பார்க்கிறார். அங்க முப்பத்திமூணு, இங்க முப்பது, அங்க இடி இடிக்குமாம் என்று எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் டீ குடிக்கிறார்.

அதனால் அங்கேயே இரு. தீபாவளி அன்று நான் சொன்ன வார்த்தையை எடுத்துவிட்டேன், நீயும் மனதிலிருந்து எடுத்துவிடு. பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் ஆகாது என்பார்கள், நான் கேட்கிறேன். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, வெயில் வந்துவிட்டது எல்லாம் சரியாகிவிட்டது என்று நீயாக முடிவு செய்யாதே, அந்த ஊரிலும் ஒரு டாக்டரைப் பார். தினமும் வெளியே நட. ஆற்றங்கரை, ஓடைக்கரைப் பக்கம் மட்டும் போகாதே, முதலை விஷயத்தில் உன் சாமர்த்தியம் வேண்டாம். புயல் காலத்துக்கு முன்னால் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வை, இரண்டு நாளைக்குத் தண்ணீர் பிடித்து வை, இதெல்லாம் உனக்குத் தெரியும். தனியாகச் சாப்பிடாதே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழகு, முருங்கைக்கீரையை அவர்கள் சும்மா எறிந்துவிடுகிறார்கள் என்றாயே, எப்படி ஆய்வது, எப்படித் துவட்டுவது என்று காட்டிக்கொடு. அழுகை வந்தால் என்னைக் கூப்பிட்டு அழு. நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே, நல்லா இல்லாத அன்றைக்கு நல்லா இல்லை என்று சொல், நான் கத்த மாட்டேன், கத்தினாலும் வைத்துவிடாதே.

நீ போய் இறங்கிய மண் உன்னைத் தாங்கட்டும், வெயில் உன் உடம்பில் ஏறட்டும், நீ நீண்ட நாள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் தினமும் நினைத்துக்கொள்கிறோம்.

மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே உன் இரண்டு கையையும் வெயிலில் விரித்து வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. மோதிரம், கையுறை ஒன்றும் வேண்டாம். பத்து விரலையும் நான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பு. வேம்பு